செம்பு முட்டிய சத்தம்

இன்று காலை என் நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தேன். முறம் எழுந்து விழுகிற சத்தத்துக்கு நடுவில், ஏதோ ஒன்று மட்டும் தனியாக, கொஞ்சம் கனமாக உருண்டது. "கல் இருக்கு, பாரு" என்றேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களை வாசற்படிக்கு வந்தாள். "ஆமா, இருக்கு மன்னி. உள்ளே இருந்தபடியே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

உங்கள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. உங்களை யாரென்று சொல்லி அவளுக்கு விளங்கவைப்பது? ரேடியோ ஸ்டேஷனில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறவர் என்றா, மழையும் நெருப்பும் ஆறும் செய்கிறவர் என்றா? நீங்கள் கண்ணை மூடி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. சமையலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நான் எழுதிய நாடகங்களை எல்லாம் நான் படித்துக் காட்டித்தான் கேட்டிருக்கிறீர்கள். இதையும் அப்படியே படித்துக் காட்டுவதாக நினைத்துக்கொள்கிறேன்.

நான் ஸ்டேஷனுக்கு வரத் தொடங்கியபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் நிகழ்ச்சியில் சமையல் குறிப்பு சொல்லக் கூப்பிட்டார்கள். குரல் நன்றாக இருக்கிறது என்று நாடகத்தில் போட்டார்கள். பிறகு நானே நாடகம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் இருந்து அப்படிப் போன முதல் பெண் நான்தான். மாமனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வெளியில் இருந்து ஒரு சொல் வந்தால் அன்றோடு நிறுத்தம். அந்தச் சொல் எப்போது வரும் என்று மாமியார் காத்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் பாலம் தாண்டிப் போகும்போதும் திரும்பி வரும்போதும் அந்த நிபந்தனை பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

உங்களை முதலில் நான் கவனித்தது உங்கள் சிரிப்பால்தான். கிராம நாடகம் ஒன்றுக்கு ஒத்திகை. ஒரு பெண் நெல் புடைத்துக்கொண்டே பேச வேண்டும். நான் பேசினேன். நாடகத்துக்கு வேண்டிய சத்தங்களைச் செய்யும் எஃபெக்ட்ஸ்காரர் தகரத் தட்டில் பட்டாணியைக் குலுக்கினார். கதவோரம் தண்ணீர்ப் பானையோடு நின்ற நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள்.

"என்ன சிரிப்பு?" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது.

"ஒண்ணுமில்லீங்கம்மா. மழை கொட்டுது, இந்தம்மா நனையாம பேசிக்கிட்டு இருக்காங்களேன்னு நெனச்சேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் யூசுப் முதலில் சிரித்தான். பிறகு எஃபெக்ட்ஸ்காரரே சிரித்துவிட்டார். "நீதான் செஞ்சு காட்டேன்" என்றார். மறுநாள் வீட்டிலிருந்து முறமும் ஒரு படி நெல்லும் கொண்டுவந்தீர்கள். புடைப்பது ஒரு சத்தம், கொழிப்பது ஒரு சத்தம், பதர் ஊதி விடும்போது வரும் மூச்சு ஒரு சத்தம் என்று மூன்றையும் செய்து காட்டினீர்கள். நான் பேசுவதை நிறுத்திவிட்டு உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டிலும் தினமும் முறம் உண்டு. அதற்கு மூன்று குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

சில மாதத்தில் எஃபெக்ட்ஸ்காரர் மதராஸுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. யாரும் உங்களை வேலைக்கு வைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. தண்ணீர்ப் பானையை வராந்தாவில் வைத்துவிட்டு ஸ்டூடியோவுக்குள் வருவீர்கள். ஒலிபரப்புக்கான சிவப்பு விளக்கு எரியும் முன்னால் வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வீர்கள். காய்ந்த பனையோலையைக் கசக்கினால் நெருப்பு. நனைந்த சாக்கை உதறினால் மாடு காதடிப்பது. சீமையிலிருந்து வந்த இசைத்தட்டுகள் அலமாரி நிறைய இருந்தன. குதிரை, ரயில், காற்று, நாய் என்று எல்லாவற்றுக்கும் ஒரு தட்டு. நாய்த் தட்டை யூசுப் ஒருநாள் போட்டுக் காட்டியபோது தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள். "இது கல்லடி படாத நாயி. நம்ம தெருவுல இப்படிக் கொலைக்காது" என்றீர்கள். அதற்கப்புறம் அந்தத் தட்டு வெளியே வரவே இல்லை.

ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்பீர்கள். "இந்தச் சத்தம் யாரு காதுல விழுதுங்கம்மா?" நான் கதவு திறக்கும் சத்தம் என்று எழுதியிருப்பேன். வெளியே நிற்கிறவன் கேட்கிறானா, உள்ளே படுத்திருப்பவள் கேட்கிறாளா? அதைச் சொன்னால்தான் கை வைப்பீர்கள். யூசுப்புக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. உள்ளே இருப்பவள் என்றால் அவன் மைக்கை நகர்த்துவான், ஒரு குமிழைத் திருகி இன்னொன்றைத் தணிப்பான். நீங்கள் இருவரும் கண்ணாடி வழியாகக் கையாலேயே பேசிக்கொள்வீர்கள். தென்னூரில் உங்கள் சந்துக்கு அடுத்த சந்துதான் அவனுடையது. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பான்.

அந்த நாளெல்லாம் நான் உங்களை 'நீ' என்றுதான் அழைத்தேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்று தெரிந்தும். உங்கள் பானைத் தண்ணீரையும் குடித்ததில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து கூஜா என்னோடு வரும். அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொன்னதில்லை. கூஜாவை வைக்க ஜன்னலோரம் ஒரு பலகையைத் துடைத்து மட்டும் வைத்திருப்பீர்கள்.

பிறகு நான் வெள்ளத்தைப் பற்றி நாடகம் எழுதினேன்.

பெரிய வெள்ளம் வந்த ஆடி மாதத்தில் எனக்குப் பத்து வயது. பக்கத்து வீட்டு மச்சில் தெருவே ஏறி நின்றது. ஆறு எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டு நாள் ஓயாத இரைச்சல். அது என் காதை விட்டுப் போனதே இல்லை. அதைத்தான் எழுதினேன். கரையோரத்து வீடு. புருஷன் மற்ற ஆண்களோடு கரைக்கு மண் போடப் போயிருக்கிறான். இளம் தாய் கொல்லைக்குப் போன நேரத்தில் ஆறு பொங்கி வந்து வீட்டைத் தாக்குகிறது. இடி, காற்று, கூரை முறிவது, தண்ணீரின் கர்ஜனை. அதற்கு மேலே அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். பிள்ளை போய்விட்டது. அத்தனையும் என் கற்பனை. எழுதி முடித்தபோது என் கண்ணே கலங்கியது. என் திறமையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

படித்துக் காட்டியதும் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எப்படி இருக்கு? சொல்லேன்" என்றேன்.

"இரைச்சல் வேணாங்கம்மா."

"வெள்ளம்னா இரைச்சல் இல்லாமயா? நானே காதால கேட்டிருக்கேன்."

"நீங்க எங்கேருந்து கேட்டீங்க?"

"மச்சுலேர்ந்து."

"அதாங்க. மச்சுல இருந்தா இரையும். கரையில நின்னாலும் இரையும். ஆனா வீட்டுக்குள்ள வர்ற தண்ணி சத்தமே போடாதுங்க. பூனை மாதிரி வரும்."

"சத்தமே இல்லேன்னா, தண்ணி வந்துடுத்துன்னு ரேடியோ கேக்கறவாளுக்கு எப்படித் தெரியும்?"

யூசுப் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து கதவருகே வந்து நின்றான்.

"பாத்திரம் மெதக்கும்" என்றீர்கள். "செம்பு மெதந்து போயி சுவத்துல முட்டும். டொக்கு, டொக்குன்னு. அப்புறம் தண்ணி அதுக்குள்ள ஏறிரும். அதுக்கப்புறம் முட்டாது."

உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தொட்டியம் பக்கம் ஆற்றங்கரை ஊர் உங்களுக்கு என்று எனக்குத் தெரியும். கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றியதெல்லாம், ஆகா, இது நன்றாக இருக்கிறதே, என் நாடகத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்பதுதான்.

ஸ்டூடியோவுக்குள் தண்ணீர்த் தொட்டி வைக்க அதிகாரியிடம் அனுமதி வாங்க இரண்டு நாள் ஆயிற்று. மரத் தொட்டி வந்தது. செம்பை மிதக்கவிட்டுப் பலகையில் முட்ட வைத்தோம். பெட்டியைத் தட்டுவது போல இருந்தது. செங்கல்லை வைத்தோம். மணி அடிப்பது போல இருந்தது. செங்கல்லின் மேல் நனைத்த சாக்கைச் சுற்றி, "இப்பப் பாருங்க தம்பி" என்றீர்கள். யூசுப் உள்ளே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டான். கையைத் தூக்கினான். மண்சுவரேதான். மைக்கை ஒரு சாண் தூரத்துக்கு இறக்கினான். தொடக்கத்தில் கரையில் நிற்கும் ஆண்களுக்காக ஆற்றின் இரைச்சலைத் தட்டிலிருந்து எழுப்புவது, கதை வீட்டுக்குள் நுழைந்ததும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிப்பது, முழுக்கத் தணிந்த இடத்தில் முதல் முட்டல் என்று மூவரும் பேசி வைத்தோம். செம்பு மூழ்கியதும் நீங்கள் கையை இறக்கிச் சைகை காட்ட வேண்டும். உடனே நான் "கண்ணா!" என்று அலற வேண்டும்.

நாடகம் ஒலிபரப்பான மாலை எல்லாம் பேசி வைத்தபடியே நடந்தது. இரைச்சல் எழுந்தது, தணிந்தது. நீங்கள் தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டிருந்தீர்கள். செம்பு மெதுவாக நகர்ந்து முட்டியது. விலகியது. மறுபடி முட்டியது. குழந்தை ஒன்று சும்மா தட்டிப் பார்ப்பது போல. நான் கொல்லையில் இருக்கும் தாயாக இரண்டு வரி பேசினேன். பிறகு செம்பு சாய்ந்து, ஒரு மடக்குக் குடித்து, உள்ளே போயிற்று. நீங்கள் கையை இறக்கினீர்கள். சரியான நேரத்தில் இறக்கினீர்கள்.

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

எனக்குக் குரல் வரவில்லை. நீங்கள் அழவில்லை. தொட்டியின் அடியில் கிடந்த செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் நான் எழுதி வைத்திருந்த அலறலை அலற முடியவில்லை. மௌனம் நீண்டுகொண்டே போயிற்று. இப்படி மௌனம் விழுந்தால் ஒலிபரப்புக் கோளாறு என்று உடனே ஓர் இசைத்தட்டைப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. யூசுப்பின் ஒரு கை தட்டின் மேல் ஊசியைப் பிடித்தபடி நின்றது. அவன் ஊசியை இறக்கவில்லை. இன்னொரு கையால் குமிழைக் கூட்டினான். உங்கள் முழங்கையிலிருந்து தொட்டியில் சொட்டிய தண்ணீர் ஊரெல்லாம் கேட்டது. அதற்குப் பிறகுதான் என் வாயிலிருந்து "கண்ணா" என்று வந்தது. அலறலாக இல்லை. கேட்டும் கேட்காததுமாக.

நாடகம் முடிந்ததும் நீங்கள் தொட்டியைக் காலி செய்து, தரையைத் துடைத்து, வளையல்களை மாட்டிக்கொண்டு, "வரேங்கம்மா" என்று போய்விட்டீர்கள்.

மறுநாள் காலையில் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் கடிகாரத்தோடு பிறந்தவர். யூசுப் எழுதி வைத்த ஒலிபரப்புக் குறிப்பு அவர் மேஜைமேல் திறந்திருந்தது.

"நடுவிலே அவ்வளவு நேரம் என்ன ஆச்சு? எங்காத்துலே செட் கெட்டுப்போயிடுத்துன்னு எழுந்து போயிட்டா. யார் மேலே தப்பு?"

அந்த ஒரு கணத்தில் எனக்கு என் மாமனார் முகம் தெரிந்தது. தப்பு என்ற சொல் என் பெயரோடு சேர்ந்து பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போவது தெரிந்தது.

"எஃபெக்ட்ஸ் சைகை வரத் தாமதமாயிடுத்து, சார்" என்றேன்.

யூசுப் சட்டென்று என் பக்கம் திரும்பினான். நீங்கள் கதவருகே நின்றுகொண்டிருந்தீர்கள். ஒரு தரம் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம், "ஆமாங்க. என் தப்புதாங்க" என்றீர்கள்.

"தண்ணி கொண்டுவரவாளை உள்ளே விட்டது நம்ம தப்பு. இனிமே ஸ்டூடியோப் பக்கம் வர வேண்டாம்" என்றார் அதிகாரி. அத்துடன் முடிந்தது. நீங்கள் பானையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனீர்கள். ஜன்னலோரப் பலகையை அன்றும் துடைத்து வைத்திருந்தீர்கள். யூசுப் என்னோடு பேசவில்லை.

நான்கு நாள் தாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தென்னூருக்கு வந்தேன். சந்தில் யாரோ வீட்டைக் காட்டினார்கள். நீங்கள் வாசலில் உட்கார்ந்து வாழை நார் கிழித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, உட்காரச் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நானே பாயை வாங்கி விரித்து உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியுங்க."

"நீங்க ஏன் ஆமாம்னு சொன்னேள்?"

அந்த 'நீங்க' நான் யோசித்துச் சொன்னதல்ல. வாயில் அப்படித்தான் வந்தது. உங்களுக்கும் அது கேட்டது. நாரைக் கிழித்த கை நின்றது.

"என் தப்புன்னு சொல்லி எனக்குப் பழகிருச்சும்மா" என்றீர்கள்.

பிறகு சொன்னீர்கள். குரலை ஏற்றாமல், எங்கும் நிறுத்தாமல், அடுத்த வீட்டுச் சமாசாரம் போல.

"எனக்குப் பதினெட்டு வயசு அப்போ. புள்ளைக்கு ரெண்டு நடந்துக்கிட்டு இருந்துச்சு. அவரு கரைக்கு மண்ணு போடப் போயிட்டாரு. பகல் வேளைதான். எங்களுக்கு வாசப்பக்கம் பள்ளம், கொல்லை மேடு. புள்ளையத் தூளியில போட்டுட்டு மாட்ட அவுத்து விடக் கொல்லைக்குப் போனேன். மாட்ட அவுத்துட்டேன். கன்னுக்குட்டி கவுறு நனைஞ்சு முடிச்சு எறுகிப்போச்சு. அப்போ உள்ளேருந்து செம்பு முட்டுற சத்தம் கேட்டுச்சு. டொக்கு டொக்குன்னு. அவன் எப்பவும் செம்பை வச்சுத்தான் வெளையாடுவான். முழிச்சுக்கிட்டு எறங்கிட்டான், அழுவாம வெளையாடுறான்ல, இருக்கட்டும்னு நெனச்சேன். முடிச்ச அவுத்துட்டே போலாம்னு நின்னேன்."

நான் உங்கள் கையைப் பிடித்தேன். நார் ஈரமாக இருந்தது.

"கன்னுக்குட்டி பொழைச்சுதும்மா" என்றீர்கள்.

சந்தில் யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் நான்தான் கேட்டேன். "அந்தச் சத்தத்தையே ஏன் எடுத்துக் குடுத்தேள்? இரைச்சலே இருக்கட்டும்னு விட்டிருக்கலாமே."

"இருவது வருசமா அது என் காதுக்குள்ள மட்டும் இருந்துச்சு. ஒரு தடவை வெளிய வச்சுக் கேக்கணும்னு இருந்துச்சு. தண்ணிதான் முட்டுச்சா, அவன்தான் தட்டினானான்னு." நாரைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டேன். ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு. யாரு கேட்டாலும் ஏமாந்துதான் போவாங்க" என்றீர்கள்.

அந்தக் கடைசிச் சொல்லைச் சொன்னபோது உங்கள் தோள் கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு நீங்கள் அழுதீர்கள். நான் முதலும் கடைசியுமாக அன்றுதான் நீங்கள் அழுது பார்த்தேன்.

திங்கட்கிழமை அதிகாரியின் அறைக்குப் போனேன். சைகை சரியான நேரத்தில் வந்தது, நான்தான் வரியைத் தவறவிட்டேன், அதை மறைத்தேன் என்றேன். உங்கள் கதையைச் சொல்லவில்லை. அது என்னுடையதல்ல.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருக்கலாம், சார். பயந்துட்டேன்."

அவர் மேஜையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்து நீட்டினார். முசிறியிலிருந்து வந்தது. ஒரு பெண் சொல்ல வேறு யாரோ எழுதியது. ரேடியோப் பெட்டி வைத்திருக்கும் வீட்டு வாசலில் தெருப் பெண்கள் கூடி நாடகம் கேட்டார்களாம். செம்பு மூழ்கிய இடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம், நாடகம் முடிந்தும் எழுந்து போகவில்லையாம். "அந்தத் தாயார் கத்தாமல் நின்றது உள்ளபடி நடப்பது" என்று எழுதியிருந்தது. "நான் ரெண்டு நாளா இதை வெச்சுண்டு யோசிச்சுண்டிருக்கேன்" என்றார் அதிகாரி. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பொய் சொன்னதற்காக இரண்டு மாதம் எனக்கு நிகழ்ச்சி கிடையாது என்றார். உங்களுக்கு எஃபெக்ட்ஸ் வேலைக்கென்று முறையாக ஓர் ஒப்பந்தத் தாள் தட்டெழுதச் சொன்னார். உங்கள் பெயர் தப்பில்லாமல் இருக்கிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார்.

இரண்டு மாதம் வீட்டிலிருந்தேன். ஏன் என்று மாமனாரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு, "தப்பை ஒத்துண்டதுக்காக நிறுத்தறது நியாயமில்லே. போயிட்டு வா" என்றார். நான் இத்தனை நாள் பயந்தது அவருக்கா, எனக்கேவா என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அஞ்சலட்டையை உங்களுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். "யாரு எழுதச் சொன்னாங்களாம்?" என்று கேட்டீர்கள். பெயர் இல்லை என்றேன். "அவங்க வூட்டுலயும் தண்ணி வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் கூஜா என்னோடு வந்துகொண்டுதான் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். ஒருநாள் அதை எடுத்துவர மறந்தேன். வீட்டில் மறந்ததாகத்தான் சொன்னேன். நீங்கள் டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் குடிப்பதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றீர்கள்.

எத்தனை நாடகங்கள் செய்தோம்! ஒரு காட்சியில் இறந்தவர் வீட்டில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒப்பாரி எழுதியிருந்தேன். நீங்கள் அதை அடுத்த அறைக்குத் தள்ளி, இந்த அறையில் ஒரு விசிறி மட்டும் வீசிக்கொண்டிருக்கட்டும் என்றீர்கள். யூசுப் இரண்டு மைக்கையும் வைத்துக்கொண்டு அரை நாள் போராடினான். ஒப்பாரி கதவுக்கு அப்பாலிருந்து வந்தபோது அவன் எழுந்து நின்றுவிட்டான். இப்போது அவன் அங்கே பெரிய ஆள். புதிதாக வருகிறவர்களிடம் அந்த விசிறிக் காட்சியைச் சொல்கிறான். உங்களை 'எங்கக்கா' என்று சொல்கிறான்.

உங்களுக்கு இருமல் வந்தபோது நாங்கள் இருவரும் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டோம். மைக்குக்கு முன்னால் மட்டும் எப்படியோ அடக்கிவிடுவீர்கள். சிவப்பு விளக்கு அணைந்ததும் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவீர்கள். டாக்டர் ஓய்வு வேண்டும் என்றார். உங்கள் தம்பி வந்து தொட்டியத்துக்கு அழைத்துப் போனார். முசிறி பஸ்ஸில் உங்களை ஏற்றிவிட நான் வந்தேன். அவர் டிக்கெட் வாங்கப் போயிருந்தார். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் கையை இழுத்து, காதைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, பிள்ளையின் பெயரைச் சொன்னீர்கள். அத்தனை வருடத்தில் நானும் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை.

"யாருகிட்டயாவது இருக்கட்டும்னுதாம்மா சொன்னேன். நாடகத்துல மட்டும் வச்சிராதீங்க. யாராவது நடிச்சுக் கூப்பிட்டா எனக்குத் தாங்காது."

"வைக்க மாட்டேன்" என்றேன். பஸ் கிளம்பியது. நாம் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு யூசுப்பும் நானும் வந்தோம். வாழைத் தோட்டத்துக்கு நடுவில் உங்கள் தம்பி வீடு. சாப்பிட்டு முடித்து மற்றவர்கள் போன பிறகு அவர் என்னிடம் வந்து தயங்கி நின்றார். "அக்காவுக்குப் படைக்கையில அந்தப் புள்ளையையும் சேத்துக் கும்பிடணும்னு தோணுச்சுங்க. ஆனா பேரு தெரியல. எனக்கு அப்போ சின்ன வயசு. நாங்கல்லாம் குட்டின்னுதான் கூப்பிடுவோம். மாமாவும் போயிட்டாரு. அக்கா அதுக்கப்புறம் வாயத் தொறந்து அந்தப் பேரைச் சொன்னதே இல்ல. உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்குதாங்க?"

நீங்கள் தடுத்தது நாடகத்தில் வைப்பதை மட்டும்தான். நான் குனிந்து அவர் காதில் சொன்னேன். அவர் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய், படையல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

இப்போது அந்தப் பெயர் இரண்டு பேரிடம் இருக்கிறது. அடுத்த மாதத்து நாடகத்தில் ஒரு சின்னப் பையன் வருகிறான். நேற்று அவனுக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தேன். பேனா தானாகவே அந்தப் பெயரின் முதல் எழுத்துக்குப் போயிற்று. அதை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினேன்.